கலங்கரை விளக்கம் தெரியும் பால்கனி

எங்கள் அண்ணியிடம் பதினொரு வீட்டுச் சாவிகள் இருக்கின்றன. ஒரு வீட்டிலும் ஆள் கிடையாது. கடற்கரைச் சாலையில் பால்கனிக்கு வந்தால் கடலும் அந்தப் பழைய கலங்கரை விளக்கமும் தெரியும் என்று வாங்கிப் போட்டுவிட்டு, ஆளுக்கொரு நாட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் இவர்கள் வீடு வாங்கவில்லை, ஜன்னல் வாங்கியிருக்கிறார்கள்.

தினமும் காலையில் அண்ணி வீடு வீடாகத் திறப்பாள். குழாயைத் திறந்துவிட்டு, செம்மண் நிறத்தில் வரும் தண்ணீர் தெளியும்வரை நிற்பாள். உப்புக் காற்றில் பூட்டெல்லாம் இறுகிவிடும். ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் விடுவாள். பின்னாலேயே துடைப்பத்தோடு நான். அண்ணி வாயைத் திறக்க மாட்டாள், நான் மூட மாட்டேன். அப்படித்தான் எங்கள் இருவருக்கும் பொழுது போகிறது.

பால்கனிக் கதவைத் திறந்தால் மட்டும் அண்ணி கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் துடைப்பாள். அந்த விளக்கத்துக்குப் பெயின்ட் அடிக்கும்போதுதான் என் அண்ணன் விழுந்தான். "ரெண்டாவது கயித்தையும் கட்டுடான்னு படிச்சுப் படிச்சு சொன்னேன், கேக்கல" என்றார் கான்ட்ராக்டர். அன்றைக்கு நான் மண்ணில் புரண்டு அழுதேன். அண்ணி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கல் மனசு என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். அவர்களைச் சொல்வானேன், நானும்தான் பேசினேன். அண்ணனையும் விடவில்லை. திமிர் பிடித்தவனே, ஒரு கயிறு கட்ட உனக்கு என்ன கேடு என்று அவன் போட்டோவைப் பார்த்தே திட்டியிருக்கிறேன்.

இந்த வருஷம் மறுபடியும் பெயின்ட் அடிக்க ஆள் எடுத்தார்கள். அண்ணன் மகன் போய்ப் பேர் கொடுத்துவிட்டு வந்து நின்றான்.

"போகாதடா" என்றாள் அண்ணி. ஒரே ஒரு தடவை.

நான் குதித்தேன். "உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? உங்கப்பன் பட்டது போதாதா?"

"அத்தை, சும்மா கத்தாத. அப்பா ஒத்தக் கயித்துல தொங்கினாரு. நான் ரெண்டும் கட்டிப்பேன். எனக்கென்ன ஆகப்போகுது?"

அண்ணி அவனைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் டம்ளரைக் கழுவினாள்.

அவன் ஏறிய அன்று நாங்கள் நாலாம் மாடியில் இருந்தோம். அந்த வீட்டின் சொந்தக்காரர் வீடியோ காலில் வந்தார். விளக்கத்துக்குப் பெயின்ட் அடிக்கிறார்களாமே, காட்டுங்கள் என்றார். மனுஷனுக்கு அங்கே வேறு வேலை இல்லை போலிருக்கிறது. அண்ணி பால்கனியில் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, போனைத் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

"பிரமாதம்! ரெண்டு பேர் தொங்கறாங்க. சிவப்புத் தொப்பிக்காரன் பாட்டுப் பாடிக்கிட்டே அடிக்கிறான் போல."

சிவப்புத் தொப்பி எங்கள் பையன்தான். அண்ணிக்கும் தெரியும், காலையில் அவள்தான் எடுத்துக் கொடுத்தாள்.

"சார்" என்றாள் அண்ணி. அவளாக அவரிடம் ஒன்று கேட்டு நான் பார்த்ததே இல்லை. "அவனுக்கு மேல, கயிறு மாட்டியிருக்கிற வளையம் தெரியுதா சார்? புதுசா, துருப்பிடிச்சதா?"

"அதெல்லாம் எப்படிம்மா தெரியும்? போனை ஆட்டாம பிடிங்க."

எனக்கு எரிச்சலாக வந்தது. "வளையம் எதுக்கு அண்ணி? நான்தான் பார்க்கறேனே, ரெண்டு கயிறும் கட்டியிருக்கான்."

"உங்க அண்ணனும் ரெண்டு கட்டியிருந்தாரு."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"அன்னிக்குக் கிட்டப் போய்ப் பார்த்தேன். இடுப்புல ரெண்டும் இருந்துச்சு. வளையந்தான் துருப்பிடிச்சுப் பிச்சுக்கிட்டு வந்திருந்துச்சு. ரெண்டு கயிறும் அந்த ஒரே வளையத்துலதான்."

இத்தனை வருஷம் நான் யாரைத் திட்டிக்கொண்டிருந்தேன்?

"இப்போ மாத்திட்டாங்களா?"

"இவன் பேர் கொடுத்த அன்னிக்கே போய்க் கேட்டேன். மாத்திட்டோம்னு சொன்னாங்க."

"யாரு?"

"அதே கான்ட்ராக்டர்தான்."

துடைப்பத்தைப் போட்டுவிட்டுக் கதவுக்கு ஓடினேன். கீழே போய்த் தொண்டை கிழியக் கத்தி அவனை இறக்கிவிட வேண்டும், அந்தக் கான்ட்ராக்டரைச் சும்மா விடக்கூடாது.

"நில்லு" என்றாள் அண்ணி. குரல் உயரவே இல்லை. "தொங்கிக்கிட்டு இருக்கறவன்கிட்ட இதைச் சொல்லுவியா? தப்பு அப்பா மேலன்னு நம்பித்தான் பாடிக்கிட்டு நிக்கிறான். பயந்துட்டா கை நடுங்கும். சாப்பாட்டுக்கு இறங்கட்டும். நானே சொல்றேன்."

நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

"என்னம்மா, படம் ஒரேயடியா ஆடுது" என்று போனிலிருந்து அலுத்துக்கொண்டார் வீட்டுக்காரர்.

அண்ணியின் முகத்தில் ஒன்றுமில்லை. நான் போய் அவள் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.