மனோரஞ்சிதத்தோடு சலாலாவுக்கு

ஜூலையில் மஸ்கட்காரர்கள் எல்லாரும் ஓமானின் தெற்குக் கோடியிலுள்ள சலாலாவுக்குச் சாரல் பார்க்கப் போவார்கள். நாங்கள் போனது ஒரு செடியை உயிரோடு கொண்டுசேர்க்க. மஸ்கட் நர்சரி ஒன்றில் தற்செயலாக மூன்று மனோரஞ்சிதக் கன்றுகள் கிடைத்தன. இரண்டை எங்கள் பால்கனி வெயில் மே மாதமே தின்றுவிட்டது. நம்மூர்ப் புதர்ச்செடிதான், ஆனால் நம்மூரிலேயே தேடி அலைய வேண்டும். அந்த நர்சரிக்கும் கன்றுகள் மறுபடி வரவில்லை. மிச்சமிருந்த ஒன்றும் கருகத் தொடங்கியதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. சிரிக்காதீர்கள்!

என்னோடு முன்பு நர்ஸாக வேலைபார்த்த ஜெசிந்தா சலாலாவில் கடலோர வீட்டில் இருக்கிறாள். "கொண்டு வாங்கக்கா, இங்க குளுந்து கெடக்கு, தோட்டத்துல வச்சிருவோம்" என்றாள்.

ஆயிரம் கிலோமீட்டர். காலை நான்கு மணிக்குக் கிளம்பினோம். தொட்டியைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு, ஏசியை முழுதாகச் செடிப்பக்கம் திருப்பினேன். ஓட்டிய என் வீட்டுக்காரருக்கு வேர்த்து வடிந்தது.

"எட்டி, நான் மனுசனா, அது மனுசனா?"

"நீங்க செத்துற மாட்டிய, சும்மா ஓட்டுங்க."

ஆதம் ஊர் தாண்டியதும் ஆளில்லாத பாலைவனம். ரோட்டின் குறுக்கே மணல் ஓடியது. போனில் சிக்னல் இல்லை. வண்டி நின்றுபோனால் இந்த வெயிலில் செடி எத்தனை நேரம் தாங்கும் என்றே மனசு அடித்துக்கொண்டது.

ஹைமாவில் பெட்ரோல் போட நிறுத்தியபோது இலைகள் சுருண்டிருந்தன. இரண்டு என் மடியிலேயே விழுந்தன. மண்ணைத் தொட்டேன். ஐஸ்பெட்டி மீன் மாதிரி சில்லிட்டிருந்தது. ஐயோ! எதற்கெடுத்தாலும் ஏசி என்று வளைகுடாவில் ஊறிப்போன புத்தி. வெயிலுக்குப் பயந்து வெப்பநாட்டுச் செடியை ஆறு மணிநேரமாகக் குளிரிலும் வறண்ட காற்றிலும் வாட்டியிருக்கிறேன்.

ஏசியை அணைத்து, ஜன்னலை இறக்கி, ஈரத்துணியைச் சுற்றினேன்.  

தும்ரைத் ஊர் கழிந்து சலாலாவுக்கு மலையிறங்கும்போது மூடுபனி. முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்குகூடத் தெரியவில்லை. திடீரென்று கண்ணாடிக்கு நேரே ஒட்டகத்தின் கால்கள். "மாதாவே!" என்று அவர் பிரேக்கை மிதித்தார். நான் தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டேன். ஒட்டகம் சாவகாசமாக நகர்ந்து போயிற்று. 

மறுநாள் ஜெசிந்தா வீட்டுத் தோட்டத்தில், உப்புக்காற்று படாத மதில் ஓரத்தில் நட்டுவிட்டுத் திரும்பினோம். ஒரே வாரத்தில் ஜெசிந்தா கூப்பிட்டாள்.

"அக்கா, எல்லா இலையும் கொட்டிட்டு. வெறுங்குச்சியா நிக்கி."

"தண்டை நகத்தால லேசா கீறிப் பாரு பிள்ளே. உள்ள பச்சை இருந்தா உயிரிருக்கு."

போனில் அவள் நடக்கும் சத்தம்.  ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேருக்கு நாடி பிடித்தவள் நான், ஒரு குச்சியின் உயிருக்காகப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன்.

"பச்சையா இருக்குக்கா. ஈரமும் இருக்கு."

செடியோடு போகிறவர்களுக்கு: போகவர பெட்ரோல் நாற்பது ரியால் ஆனது. ஏசிக் காற்றைச் செடிமேல் விடாதீர்கள். தும்ரைத்துக்குப் பிறகு பகலில் மட்டும் இறங்குங்கள். கடலோரத்தில் மதில் மறைவு பார்த்து நடுங்கள், சாரல் காலத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

இப்போது இரண்டு துளிர் விட்டிருக்கிறதாம். போட்டோ அனுப்பியிருக்கிறாள். என் கண்ணே பட்டுவிடுமோ என்று இன்னும் திறந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.