பலெர்மோ ஆவண அறையில் நான் தலைகுனிஞ்ச இடங்கள்

பழைய கடதாசிகளைக் காக்கிற வேலை எண்டால் சனம் நினைக்கும், குளிரூட்டின அறை, சத்தமில்லை, சச்சரவில்லை எண்டு. அதே வேலையிலை கிடந்து மாயிற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பலெர்மோவிலை ஒரு திருச்சபை ஆவணக் காப்பகத்திலை நான் உதவியாளர். முந்தி வீடுகளிலை துப்பரவு வேலை செய்தனான்.

ஈரத்துணி

சேர்ந்த முதல் கிழமை. ஒரு பழைய ஞானஸ்நானப் பதிவேட்டிலை தூசி அப்பிக் கிடந்தது. மெல்லிய தூரிகையாலை தட்டச் சொல்லியிருந்தவை. வீடு துடைச்ச கை கேக்குமோ? ஈரத்துணியாலை ஒரு இழுவை இழுத்தன். மை கரைஞ்சு ஒரு வரி முழுக்கப் போச்சு. கோயில் வாசலிலை ஆரோ விட்டிட்டுப் போன குழந்தையின்ரை பதிவு அது.

பக்கத்தை மூடி ஒளிக்கப் பாத்தன். அதுக்கிடையிலை பொறுப்பாளர் அம்மா வந்திட்டா. கண்ணாடியைப் போட்டுக் கனநேரம் குனிஞ்சு பாத்தா. ஏசேல்லை.

"அந்தப் பிள்ளைக்கு இருந்தது இந்த ஒரு வரிதான்" எண்டா.

தமிழோ?

மன்னார் ஊர் ஐயா ஒருத்தர், மகளின்ரை கலியாணத்துக்கு ஞானஸ்நானப் பத்திரம் எடுக்க வந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, "பிள்ளை, தமிழோ?" எண்டார். பக்கத்திலை என்னோடை வேலை செய்யிற இத்தாலியப் பெட்டையள் இரண்டு பேர். இஞ்சை தமிழர் எண்டால் வீடு துடைக்கிற ஆக்கள் எண்டுதான் நினைப்பு; என்ரை பழைய வேலை அவைக்குத் தெரியாது. தமிழிலை கதைச்சால் மதிப்புக் குறைஞ்சிடும் எண்ட அற்பப் புத்தி எனக்கு. "படிவத்தை நிரப்புங்கோ" எண்டு இத்தாலியனிலை சொன்னன்.

மனுசன் தாயின்ரை பெயர் எழுதுற இடத்திலை ஊரை எழுதினார். திருப்பிக் குடுத்தன். பிறகும் பிழை. பிறகும் திருப்பிக் குடுத்தன். கடைசியிலை பத்திரம் கையிலை கிடைச்சதும் தமிழிலை சொன்னார்:

"குறை நினைக்காதேங்கோ, பாக்க எங்கடை பிள்ளை மாதிரிக் கிடந்தது."

பகேரியா அம்மா

பகேரியாவிலையிருந்து ரயிலேறி மூண்டுதரம் வந்தா ஒரு வயசான இத்தாலிய அம்மா. அநாதைமடத்திலை சின்னனிலை செத்துப்போன தங்கச்சியின்ரை படம் தேடி. அந்த மடத்தின்ரை கோப்புகள் எங்களிட்டைத்தான். மூண்டுதரமும் "இல்லை" எண்டன். கடைசித்தரம் சினந்தும் போட்டன்.

அடுத்த வருஷம் அலுமாரி மாத்தேக்கை அந்தத் தங்கச்சியின்ரை படம் இருந்த பெட்டி அகப்பட்டுது. பிழையான தட்டிலை, என்ரை கையாலை எழுதி ஒட்டின சீட்டோடை. உடனை பகேரியா அம்மாவுக்குப் போன் எடுத்து உள்ளதைச் சொன்னன். நல்லா ஏசுவா எண்டு காத்துக்கொண்டு நிண்டன்.

"இப்ப எனக்குக் கண் தெரியாது, பிள்ளை. நீங்களே பாத்துச் சொல்லுங்கோ, அவள் சிரிக்கிறாளோ?"

இவ்வளவுக்கும் பிறகு, புதுசாய்ச் சேர்ந்த இரண்டு பேருக்கு வேலை பழக்க மேலிடம் தெரிஞ்செடுத்திருக்கிற ஆள் நான்தான்.