மில் சக்கரத்தைக் கழற்றிய நாள்

அரைத்துவந்த மாவின் சூட்டு வாசனையோடு மிளகாய் நெடியும் விளக்கெண்ணெயும் இஞ்சின் புகையும் ஒன்றுக்குள் ஒன்று ஊறி, துவைத்த பாவாடையில்கூடப் போகாமல் ஒட்டிக்கொண்டிருக்க, அப்படித்தான் நான் ராயப்பேட்டையில் வளர்ந்தேன். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்கிறவள் தினமும் தும்முவாள். எனக்கு அதில் பெருமைதான். எங்கள் தெருவில் மாவு மில் வைத்திருந்தவர் என் நைனா ஒருவரே.

மில் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓட்டுக் கொட்டகை, ஓர் எண்ணெய் இஞ்சின், இடுப்பளவு உயரத்தில் ஓர் இரும்புத் தண்டு, தண்டில் ஒரு வார்ப்பிரும்புச் சக்கரம், அதிலிருந்து பெல்ட் போய்ச் சுற்றுகிற அரவைக் கல், பின்னால் ஒரே அறையில் நாங்கள். சக்கரம் தண்டைவிட்டு நகராமல் இருந்தது, நைனா "கோன் புஷ்" என்று சொல்லும் ஒரு கூம்பு வளையத்தால். ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் சிறுத்து, நீளவாக்கில் ஒரு பிளவோடு இருக்கும். மூன்று போல்ட்டை முடுக்கினால் வளையம் சக்கரத்தின் நடுத் துளைக்குள் இறங்கி, இறங்க இறங்க நெருக்கி, தண்டை உடும்புப் பிடியாகப் பிடித்துவிடும். கழற்றும்போது அதே போல்ட்டுகளை எடுத்து, வளையத்தின் விளிம்பில் காலியாக இருக்கும் வேறு மூன்று ஓட்டைகளில் போட்டு முடுக்க வேண்டும். போல்ட்டின் முனை சக்கரத்தை உதைக்க, வளையம் பின்வாங்கி வெளியே வரும்.

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிய சித்திரை மாதம் அது. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பூட்டு தொங்கியது. அம்மா அப்போது வயிற்றுப் பிள்ளைக்காரி. என்னையும் அவளையும் திண்டிவனத்தில் மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மில்லை மூடிக்கொண்டு பின்னாலேயே வந்துவிடுவதாக நைனா சொன்னார். அம்மா நம்பவில்லை. "சக்கரம் தண்டுல கீற வரைக்கும் இந்த மனுசன் வரமாட்டாரு" என்று என்னிடம் முணுமுணுத்தவள், நைனாவிடம் நேராகவே சொல்லிவிட்டாள்: "கழட்டி, திருடன் கையில சிக்காம கொல்லையில பொதைச்சிட்டு எங்ககூடவே வாங்க. மூணு பேரும் ஒண்ணா வண்டி ஏறுவோம். இல்லாங்காட்டி நானும் நகரமாட்டேன்."

நைனா சரி என்றார். எழும்பூரில் சாயங்காலம் ரயில். வாசலில் ஜட்கா வந்து நின்றது. அந்த நாட்களில் ஜட்கா கிடைப்பதே குதிரைக்கொம்பு. பக்கத்து வீட்டுக் காதர் மாமா மவுண்ட் ரோடு பக்கம் ஒரு மோட்டார் பட்டறையில் பிட்டர். அவரும் ஒத்தாசைக்கு வந்தார். பெல்ட்டை இறக்கி, போல்ட்டுகளை உருவி, காலி ஓட்டையில் ஒன்றை வைத்துத் திருகினார் நைனா. அரைச் சுற்றுக்கு மேல் ஏறவில்லை. அடுத்ததும் அப்படியே.

குனிந்து பார்த்த காதர் மாமா, "இன்னா அண்ணே, ஓட்டைய எவனோ அடைச்சி வெச்சிகீறான்" என்றார்.

அடைத்தவள் அம்மாதான். ஆயுத பூஜைதோறும் இஞ்சினுக்கும் கல்லுக்கும் பொட்டு வைக்கிற கையோடு, சக்கரத்தின் நடுவில் காலியாகக் கிடக்கும் அந்த மூன்று ஓட்டைகளிலும் சந்தனத்தைக் குழைத்து அப்பிக் குங்குமம் வைப்பாள். "மூணு கண்ணும் பாழாக் கெடக்கக் கூடாது" என்பாள். நைனாவும் கன்னத்தில் போட்டுக்கொள்வார். வருஷா வருஷம் வைத்த சந்தனம் எண்ணெயும் மாவுத் தூசும் சேர்ந்து கல்லாக இறுகிவிட்டிருந்தது.

"சம்மட்டியால பின்னாலருந்து ரெண்டு போட்டா துள்ளிக்கினு வரும்" என்றார் காதர் மாமா.

"வேணாம் அண்ணே. வார்ப்பு விண்டுட்டா, யுத்த காலத்துல வேற சக்கரம் எங்க கீது?" என்று அம்மா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கொண்டை ஊசியை உருவினாள். மண்ணெண்ணெயை விட்டு விட்டு அந்த ஓட்டைகளைச் சுரண்ட ஆரம்பித்தாள். வயிறு இடிக்க, மூச்சு வாங்க, யாரையும் கிட்டே விடாமல் அவளே சுரண்டினாள். மஞ்சள் பொடி உதிர்ந்துகொண்டே இருந்தது.

நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன். சக்கரம் வராவிட்டால் நைனா இங்கேயே இருந்துவிடுவார், குண்டு நேராக எங்கள் ஓட்டின் மேல்தான் விழும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. ஜட்காக்காரன் வேறு, "வரீங்களா இன்னா? அடுத்த தெருவுல சவாரி கூப்பிடுது" என்று பிடுங்கினான்.

ஒருவழியாக மூன்று போல்ட்டும் ஏறின. ஒன்றை மட்டும் இறுக்கினால் வளையம் கோணிக்கொள்ளும். அதனால் நைனா ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி முடுக்கினார். ஸ்பேனர் முனகியது. வளையம் அசையவில்லை. இன்னும் முடுக்கினால் போல்ட் முறியும், விட்டால் ரயில் போய்விடும். நைனாவின் முதுகு தண்ணீர் ஊற்றியதுபோல் நனைந்திருந்தது.

"நேரமாச்சி. நீங்க ரெண்டு பேரும் கெளம்புங்க" என்றார்.

"மாட்டேன்" என்றாள் அம்மா.

வாசலில் குதிரைக் குளம்படி கேட்டது. ஓடிப் பார்த்தேன். ஜட்கா தெருமுனை திரும்பிக்கொண்டிருந்தது. அழுதுகொண்டே உள்ளே வந்தேன். அப்போதுதான் தேங்காய் உடைந்ததுபோல் "டப்"பென்று ஒரு சத்தம். வளையம் விட்டுவிட்டது. நைனாவும் காதர் மாமாவும் சக்கரத்தைத் தண்டின் முனைவரை நகர்த்தி, தாங்கி இறக்கித் தரையில் சாய்த்தார்கள். சக்கரம் இல்லாத தண்டைப் பார்க்க எனக்கு என்னவோபோல் இருந்தது. நாளைக்கு வேறு வண்டி பார்க்கலாம் என்றார் நைனா. கடப்பாரையை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போகத் திரும்பினார்.

அந்த நேரத்தில் கால்வாய்க் கரைக் குடிசையிலிருந்து முனியம்மா வந்தாள். எங்களிடம் வழக்கமாக அரைக்கிறவள்தான். முறத்தில் கேழ்வரகு. தரையில் கிடந்த சக்கரத்தைப் பார்த்தவள் முறத்தை இறக்காமலே நின்றாள்.

"மூடிட்டியா நைனா? எல்லா மில்லும் மூடிக் கெடக்குது. எங்களுக்கு ஓடறதுக்கு ஊரு ஏது? புள்ளைங்க இத்த முழுசாவா முழுங்கும்?"

நைனா அம்மாவைப் பார்க்கவில்லை. கடப்பாரையைப் பிடித்தபடி தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இருந்துவிடலாமா என்று அவர் கேட்டிருந்தால் அம்மா சண்டை போட்டிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். அவர் கேட்கவில்லை. அம்மா கையை ஊன்றி எழுந்து, போல்ட்டுகளைப் பொறுக்கி முந்தானையால் துடைத்து, நைனாவிடம் நீட்டினாள்.

"மாட்டுங்க."

"ஊருக்கு?"

"மாட்டுங்கன்னு சொல்றேனில்ல."

இருட்டுவதற்குள் மில் ஓடியது. முனியம்மா சூட்டு மாவை முறத்தில் ஏந்திக்கொண்டு போனாள். மறுநாள் கால்வாய்க் கரையே எங்கள் வாசலில் நின்றது. ஆனி மாதம் அந்தப் பின்னறையில், கல் ஓடுகிற சத்தத்துக்கு நடுவில், என் தங்கை பிறந்தாள்.

பிள்ளையைப் பார்க்க வந்த திண்டிவனத்து மாமா குதித்தார். வயிற்றுப் பிள்ளைக்காரியைக் குண்டு விழுகிற ஊரில் வைத்துக்கொள்ள இவருக்கு எப்படி மனம் வந்தது என்று கேட்டார். நைனா தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "இன்னா பண்றது மச்சான், கோன் புஷ் கழலவே இல்ல. ரயிலும் போயிடுச்சி." அம்மா அண்ணனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. அதன்பிறகு யார் கேட்டாலும், சாகிறவரைக்கும், நைனா அதையேதான் சொன்னார். பிடிவாதக்காரி என்று ஒரு சொல் அம்மாமேல் விழவில்லை.

இப்போது அந்த இடத்தில் அடுக்குமாடிக் கட்டிடம். தெருவில் மாவு பாக்கெட்டில் விற்கிறது, வாசனையே இல்லாமல். நைனா இல்லை, அம்மா இல்லை, காதர் மாமாவும் இல்லை. மில் சக்கரம் சிக்கிக்கொண்டதால்தான் தான் மெட்ராஸில் பிறந்ததாக என் தங்கை பேரப்பிள்ளைகளிடம் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறாள். சக்கரம் தரையில் கிடந்ததைப் பார்த்தவள் நான் ஒருத்திதான் மிச்சம். நைனா அம்மாவுக்காகச் சொன்ன பொய் அது. நான் திருத்தப் போவதில்லை.