வசந்தி கேட்ட லிங்கம்

அப்பாவைப் புதைக்குமுன், வீரசைவ முறைப்படி, அவர் கழுத்திலிருந்த லிங்கத்தை அவருடைய இடது உள்ளங்கையில் வைத்தேன். ஈரத் திருநீறு மணத்தது.

இந்தப் பனி நாட்டுக்கு அகதியாய் வந்த புதிதில், அப்பா பூசை செய்த செயின்ட்-மிஷேல் வீட்டுக் குசினியில் இந்த மணம்தான். ஊரில் பலருக்குத் தீட்சை கொடுத்து லிங்கம் கட்டிவிட்டவர் அப்பா, எனக்கும் அவர்தான். "கட்டினால் ஆணும் பெண்ணும் ஒண்டு, பிள்ளை. சாதியே இல்லை" என்பார்.

அதைக் கேட்ட எதிர்வீட்டு வசந்தி, "மாமா, எனக்கும் கட்டிவிடுங்கோவன்" என்றாள்.

"வெள்ளிக்கிழமை முழுகிப்போட்டு வா."

அவள் போனதும் என்னிடம் கேட்டார்: "அவையள் ஊரில என்ன பகுதி?"

அவர்களுடைய சாதி எனக்குத் தெரியும். சொன்னேன்.

வெள்ளி காலை வசந்தி வந்தாள். பனிக்குளிரில் அவளுடைய ஈரமுடி விறைத்திருந்தது.

"பேந்து ஒருநாள் பாப்பம்" என்றார் அப்பா.

அவள் என் கழுத்தைப் பார்த்தாள். நான் லிங்கத்தைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன்.

இன்று அப்பாவின் விரல்களை மடிக்கப் பார்த்தேன். அந்த முடியைப் போலவே விறைத்திருந்தன.