தண்ணீர் இல்லாத பெருக்கு

என் தங்கையின் கணவருக்கு நான்கைந்து நாட்களாகச் சிறுநீர் இறங்கவில்லை. கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டைக் கொல்லையில் கடலைச்செடிக்குக் களையெடுத்துக்கொண்டிருந்தபோது கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. விஷம் முறிந்தது, சிறுநீரகம்தான் இன்னும் திரும்பவில்லை என்றார் மருத்துவர். திருவண்ணாமலை மருத்துவமனையில் அவருடைய முகத்தைவிடக் கட்டிலோரம் தொங்கிய சிறுநீர் பையைத்தான் நாங்கள் அதிகம் பார்த்தோம்.

அன்று ஆடிப்பெருக்கு. புதுத் தாலிக்கயிறு கட்டிக்கொண்டு பழையதை ஆற்றில் விடுவது வழக்கம். வார்டு வாசலில் உட்கார்ந்திருந்த மாமியார் தங்கையிடம், "போய் கங்கம்மாவ கும்புட்டுட்டு வா. நான் இங்கியே இருக்கேன்" என்றார்.

பைக்கில் தென்பெண்ணைக்குப் போனோம். கரையிலிருந்து கரைவரை மணல். நடுவில் பள்ளம் தோண்டி, டிராக்டர் டேங்கரில் கொண்டுவந்த தண்ணீரை ஊற்றியிருந்தார்கள். சுற்றிலும் பெண்கள், மஞ்சளில் பிடித்துவைத்த அம்மன், காதோலை, கருகமணி, புளிசாதம். செய்தித்தாளில் இருந்த காலத்தில் இந்தக் காட்சியை இரண்டு பத்தியில் எழுதி அனுப்பியிருக்கிறேன். படத்துக்கு நல்ல இடம் கிடைக்கும்.

வயதான ஒரு சுமங்கலி தங்கைக்குப் புதுக்கயிறு கட்டிவிட்டார். பழையதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பள்ளத்தையே பார்த்தாள். அதில் ஏற்கெனவே பல கயிறுகள் அசையாமல் மிதந்தன.

"இதுல போட மாட்டேண்ணா."

"எல்லாரும் இதுலதானே போடறாங்க."

"அவங்க வூட்டுக்காரரு நல்லா இருக்காரு. தேங்கின தண்ணியில போட்டா அங்கயும் தேங்கிடும்."

பக்கத்தில் நின்ற ஒருத்தி, "ஓடுற தண்ணி வேணும்னா கர்நாடகாவுக்குத்தாம்மா போவணும்" என்றாள். சிலர் சிரித்தார்கள். தங்கை அதற்குள் மணலில் நடக்கத் தொடங்கியிருந்தாள்.

வெயில் ஏறிவிட்டது. அவள் பின்னாலேயே நடந்தேன். பத்து நிமிஷம் பார்க்கலாம் என்றேன், பிறகு இன்னும் பத்து என்றேன். கரைமேல் ஒரு மோட்டார் சத்தம் கேட்டதும் அவள் ஓடினாள். கிணற்றிலிருந்து கரும்புக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது.

மடை மாற்றிக்கொண்டிருந்தவர் அவள் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார். "இது கடலுக்குப் போவாதும்மா. என் கரும்புக்குத்தான் போவும்."

"ஓடுதுல்ல. அது போதுங்க."

வாய்க்காலில் மஞ்சள் தூவி, கற்பூரம் ஏற்றி, கயிற்றை விட்டாள். அது வளைந்து நெளிந்து கொஞ்ச தூரம் போனது. மோட்டார் நின்றது. தண்ணீர் தளர்ந்தது. கயிறும் நின்றது.

"திரீ பேஸ் போயிடுச்சு" என்றார் அவர்.

என் போன் அடித்தது. தங்கை, "எடுக்காதண்ணா" என்றாள். எடுத்தேன். அவளுடைய மாமியார்.

"தம்பி, சென்னைக்குக் கொண்டுபோவச் சொல்றாங்க. அவ கையெழுத்து வேணுமாம். ஆம்புலன்ஸ் வந்துடுச்சு."

தங்கையிடம் சொன்னேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. "கரண்டு எப்பங்க வரும்?" என்று அவரிடம் கேட்டாள்.

"சாயந்தரம் ஆவும்மா. நீ போ. வந்ததும் நான் தள்ளிவுடறேன்."

அவள் புடவையைச் செருகிக்கொண்டு வாய்க்காலில் மண்டியிட்டாள். கயிற்றுக்குப் பின்னாலிருந்து இரு கைகளாலும் தண்ணீரை முன்னே தள்ளினாள். ஒரு சாண் நகர்ந்தது. மறுபடி தள்ளினாள். மண் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தது.

"நேரமாவுதும்மா" என்றேன்.

"தெரியுது."

நானும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். மடைவரை தள்ளினோம். கடைசியில் கயிறு தண்ணீரில் போகவில்லை, சேற்றில்தான் போனது.

மருத்துவமனையில், காய்ந்த சேறு ஒட்டிய கையால் அவள் கையெழுத்துப் போட்டாள். ஸ்ட்ரெச்சரை ஏற்றும்போது, "பையை யாராவது புடிச்சிக்குங்க" என்றார் ஆம்புலன்ஸ்காரர். அவள் வாங்கிக்கொண்டாள். அதில் ஒன்றும் இல்லை. அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து ஒரு தடவை பார்த்தாள். பிறகு உள்ளே ஏறினாள்.