வெயில் படாத பிள்ளை

மகளின் கண்ணாடி பவர் மறுபடியும் கூடிவிட்டது. அதைவிட, கண் டொக்டர் கேட்ட கேள்விதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. பிள்ளை பகலில் எவ்வளவு நேரம் வெளியில் விளையாடுகிறாள் என்று இத்தாலியனில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மகள், "மாய்" என்றாள். ஒருபோதும் இல்லையாம்.

போனும் புத்தகமும் மட்டுமல்ல, வளருகிற கண்ணுக்குப் பகல் வெளிச்சம் போதாததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார் டொக்டர். பலெர்மோவில், இந்தக் கொளுத்தும் வெயிலில் இருந்துகொண்டு இதை ஒருவர் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கிறது!

நகரத்தின் பிரான்காச்சோப் பகுதியில், மேல்மாடி வீடு. நானும் கணவரும் வேலைக்குப் போய்விடுவோம். மகள் பள்ளிக்கூடத்தால் வந்து கதவைப் பூட்டி, யன்னல் பலகைகளையும் சாத்திக்கொண்டு இருப்பாள். தெருவை நினைத்த பயம் ஒரு காரணம். மற்றக் காரணத்தை டொக்டரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து மச்சாள், என் கணவரின் அக்கா, வீடியோவில் வந்தால், முதலில் பார்ப்பது பிள்ளையின் நிறத்தைத்தான்.

"என்ன, பிள்ளை கறுத்துப் போச்சு? வெயிலுக்கை விடாதையுங்கோ. நாளைக்குப் பெரியபிள்ளையாகிச் சாமத்தியவீடு எண்டு வந்தால் படங்கள் எப்பிடி வரும்?"

நானும் ஓம் ஓம் என்று தலையாட்டுவேன். பிறகு மகளிடம் அதையே சொல்லுவேன்.

என் வேலையோ, மொண்டெல்லோவில், சிஞ்ஞோரா என்று நான் கூப்பிடும் முதலாளியம்மாவின் பிள்ளைகளைப் பின்னேரங்களில் கடற்கரைக்குக் கூட்டிப் போவது. அதுகள் வெயிலில் உருண்டு புரண்டு, தூரத்துக் கப்பலை எனக்கு முதல் கண்டு கத்துங்கள். ஒன்றுக்கும் கண்ணாடி இல்லை. டொக்டரிடம் போய் வந்த பிறகு அதுகளைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. அதுகளில் என்ன பிழை? ஆனாலும் எரிந்தது.

பள்ளிக்கூட விடுமுறை தொடங்கியதும், சிஞ்ஞோராவிடம் கேட்டு மகளையும் கூட்டிப் போனேன். புதுக் கண்ணாடி இன்னும் வரவில்லை. முழுக்கைச் சட்டையோடு வந்தவள், குடைக்குக் கீழே போனைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டாள்.

"எழும்பிப் போய் அவையளோடை விளையாடன்."

"வேண்டாம். கறுத்துப் போவன்."

"ஆர் சொன்னது?"

"நீங்கள்தானே அம்மா. மாமியும் சொன்னவா."

எனக்கு அவளில் கோபம் வரவில்லை. மச்சாளில், என்னில், அந்தப் போனில், எல்லாவற்றிலும் வந்தது. சிஞ்ஞோராவின் பிள்ளைகள் கடலைக் காட்டிக் கத்தினார்கள்.

"அங்கை பார், கப்பல் போகுது" என்றேன்.

மகள் தலையைத் தூக்கி, கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தாள்.

"எங்கை அம்மா?"

நான் எழும்பிக் குடையை மடக்கினேன்.