சந்தனம் பூசிய மீட்டர்

என் பழைய கார் மலையேறினால் சூடாகிவிடும். சூட்டைக் காட்டும் முள் அதில் கிடையாது. ஒரு சிவப்பு விளக்குதான் உண்டு, அதுவும் எஞ்சின் வெந்த பிறகே எரியும். அதனால் சூட்டு மீட்டர் ஒன்றை வாங்கி, தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டு வாசலில் இரண்டு ஞாயிறு குனிந்து கிடந்து, ரேடியேட்டர் குழாயிலிருந்து ஒயரை இழுத்து டேஷ்போர்டில் நானே பொருத்தினேன். கையெல்லாம் சிராய்ப்பு.

ஆயுத பூசைக்குக் காரைக் கழுவிய என் மச்சினன், அந்த மீட்டர் கண்ணாடி முழுக்கச் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்திருக்கிறான். அவ்வளவு பெரிய டேஷ்போர்டில் வேறு இடமா இல்லை? நான் பார்ப்பதற்குள், மறுநாள் விடியலிலேயே காரை எடுத்துக்கொண்டு கம்போங் ராஜா டவுனுக்குப் போய்விட்டான்.

திரும்பும் வழியில், திரிங்காப் ஏற்றத்தில் கார் நின்றுவிட்டதாகப் போன் வந்தது. மோட்டார் சைக்கிளில் பறந்தேன். பானெட்டிலிருந்து ஆவி சீறிக்கொண்டிருந்தது. சாவியைத் திருப்பி, சந்தனத்தை நகத்தால் சுரண்டினேன். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி நின்றது.

"மீட்டரப் பாக்க மாட்டியாடா?"

"சாமி பொட்டு மச்சான். அத எப்படி அழிக்கிறது லா?"

வாய்க்கு வந்தபடி திட்டினேன். எஞ்சின் போனது போனதுதான். வீட்டுக்கு வந்தால் மனைவி என்னைத்தான் முறைத்தாள்.

"பொட்டு இருந்ததாலதான் என் தம்பி உசுரோட வந்தான். அதப் போய் சுரண்டியிருக்கீங்களே!"

வேறு எஞ்சின் மாட்டிய மறுநாள் காரில் ஏறினேன். மீட்டர் மேல் புதுச் சந்தனம், முன்பைவிடத் தடிமனாக, இன்னும் ஈரமாக இருந்தது.